தம்பி கனடாவில் பெரிய லொறி நிறுவனத்தில் சேரப்போகிறான்: எதை எதிர்பார்க்கலாம்?

கோப்பாய்ப் பெண்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி நிரந்தர வதிவிட உரிமையுடன் ரொறன்ரோவில் இருக்கிறான். அண்மையில் ஏ-இசட், அதாவது டிரெய்லர் லொறி ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். இப்போது அவன் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஆயிரக்கணக்கான லொறிகள் ஓடும் பெரிய நிறுவனம். மைலுக்கு 55 சதம் தருவதாகச் சொல்கிறார்கள். முதல் சில வாரங்கள் பயிற்றுநருடன் ஓடவேண்டும். மற்றது நம்மவர் ஒருவருடைய சிறிய நிறுவனம். அங்கே மைலுக்கு 65 சதம். ஆனால் தம்பி தன் பெயரில் ஒரு கம்பனியைப் பதிவு செய்துகொண்டு அதன் பெயரில்தான் பணம் பெறவேண்டுமாம். வீட்டில் அம்மா 65 தான் கூடுதல் என்று நிற்கிறார். அப்பா கொழும்பு ஓட்டம் ஓடியவர். அவர் எதுவும் சொல்லாமல் இருக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் நெடுந்தூரம் ஓடுபவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

வடமராட்சியான் (ஒன்ராறியோ)

தங்கச்சி, நான் ஓடுவது அப்படிப்பட்ட பெரிய நிறுவனம் ஒன்றில்தான். பல வருடங்களாகிவிட்டன. உங்கள் தம்பிக்கு முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: மைலுக்கு எத்தனை சதம் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது. வாரத்துக்கு எத்தனை மைல் என்று கேட்கவேண்டும். 55 சதத்துக்கு 2,500 மைல் ஓடினால் 1,375 டொலர். 65 சதத்துக்கு 1,900 மைல்தான் கிடைத்தால் 1,235 டொலர். கூடிய சதம் குறைந்த சம்பளமாக முடிவது இப்படித்தான்.

அடுத்தது, எந்த மைல் என்பது. நாம் ஓடும் தூரத்தை லொறியின் மீற்றர் காட்டும். சம்பளம் போடுவது பெரும்பாலும் அந்த மீற்றரைப் பார்த்து அல்ல. ஒரு ஊரின் அஞ்சல் குறியீட்டிலிருந்து மற்ற ஊரின் அஞ்சல் குறியீட்டுக்குக் கணினி கணிக்கும் தூரத்துக்கே பணம். களஞ்சியத்தைத் தேடி ஊருக்குள் சுற்றியதும், மூடிய வீதியைத் தவிர்த்துச் சுற்றி வந்ததும் கணக்கில் வராது. எந்த முறையில் கணிக்கிறார்கள் என்று நேர்முகத்தின்போதே கேட்கலாம். கேட்டால் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அங்கே சேரத் தேவையில்லை.

காத்திருப்பு இன்னொன்று. சரக்கை ஏற்றவும் இறக்கவும் களஞ்சியங்களில் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குப் பணமில்லை என்பதே பரவலான வழக்கம். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஏதோ தருவார்கள். அந்தப் பணத்தை வாடிக்கையாளர் நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகுதான் சாரதிக்கா, அல்லது வாடிக்கையாளர் கொடுக்காவிட்டாலும் சாரதிக்கு உண்டா? ஒரு நல்ல நிறுவனத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. அமெரிக்காவுக்குள் ஒரு நாளில் 11 மணித்தியாலம்தான் ஓட்டலாம். வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் அந்த 11ஐ முடிக்கவேண்டும். 8 மணித்தியாலம் ஓட்டியபின் அரை மணித்தியால இடைவேளை கட்டாயம். கனடாவில் 13 மணித்தியாலம் ஓட்டலாம். இவை எல்லாவற்றையும் லொறியில் பொருத்திய மின்னணுப் பதிவுக்கருவி கணக்கெடுக்கிறது. அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து அது கட்டாயம், கனடாவில் 2021 ஜூனிலிருந்து. களஞ்சிய வாசலில் ஐந்து மணித்தியாலம் நின்றால் அந்த 14இல் ஐந்து கரைந்துவிடும். அன்று ஓடக் கிடைப்பது ஒன்பதுதான். ஆகவே காத்திருப்புக்குப் பணம் தராத இடத்தில் சாரதிக்கு இரட்டை நட்டம்: நின்ற நேரத்துக்கும் கூலி இல்லை, ஓடவேண்டிய மைலும் போய்விடும்.

தென்மராட்சி லொறிக்காரர்

பிள்ளை, உங்கள் அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. நானும் ஏ9 வீதியில் கொழும்புக்கு ஓடியவன். வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிப் போய், திரும்பும்போது புறக்கோட்டைச் சாமான் ஏற்றி வந்த காலம். 2002இல் பாதை திறந்தபிறகு முகமாலை, ஓமந்தைச் சோதனைச்சாவடிகளில் சரக்கை இறக்கிச் சோதித்து மீண்டும் ஏற்றுவார்கள். ஒரு நாள் முழுவதும் அங்கேயே போகும். நமக்குக் கூலி ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்றுதான். நின்ற நாளுக்கு யாரும் காசு தந்ததில்லை, கேட்கவும் தெரியவில்லை. 2006 ஆகஸ்டில் பாதை மூடியபோது லொறி வீட்டு வாசலில் நின்றது. சாரதிக்கு எந்த வருமானமும் இல்லை.

வடமராட்சித் தம்பி எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. கனடாவிலும் களஞ்சிய வாசலில் நிற்கும் நேரத்துக்குச் சண்டைபிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே நிறுவனத்தின் விதி எழுத்தில் இருந்தால், அதைக் காட்டிக் கேட்கலாம் என்பது பெரிய விடயம்.

அந்தச் சொந்தக் கம்பனி ஏற்பாட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். இங்கே ஒரு முதலாளியிடம் முறையாக வேலை செய்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் போகும், முதலாளி 12 சதவீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை கேட்கலாம். எத்தனை லொறிச் சாரதிகளுக்கு இவை எதுவும் இல்லாமல் கையில் காசாக மட்டும் கொடுத்து அனுப்பினார்கள் தெரியுமா? அறுபது வயதில் முழங்கால் போனபிறகுதான் அந்தக் காசின் பெறுமதி தெரியும். அங்கேயும் அதே வேலையைத்தான் வேறு கடதாசியில் செய்கிறார்கள் போலிருக்கிறது.

ஸ்காபரோ சிறுதொழில்

எல்லோரும் பெரிய நிறுவனத்தின் பக்கமே பேசுகிறீர்கள். நான் சிறிய நிறுவனத்தில்தான் தொடங்கினேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். முதலாளிக்கு என் பிள்ளைகளின் பெயர் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும் என்றால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பெரிய நிறுவனத்தில் நீங்கள் ஒரு இலக்கம். சரக்கைப் பிரித்துக் கொடுப்பவர் உங்களை ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார். அவருக்குக் கீழே நாற்பது, ஐம்பது சாரதிகள் இருப்பார்கள்.

அமெரிக்காவில் ஒரே வாடிக்கையாளரின் சரக்கை முழு லொறியில் ஏற்றும் பெரிய நிறுவனங்களில் சாரதிகள் வருவதும் போவதும் பல வருடங்களாக ஆண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. அவ்வளவு நல்ல இடமென்றால் ஏன் இத்தனை பேர் ஓடுகிறார்கள்?

பெரியது விழாது என்றும் நினைக்காதீர்கள். 2019 டிசம்பரில் இண்டியானாவைச் சேர்ந்த செலடன் என்ற லொறி நிறுவனம் திவாலானபோது வழியில் நின்ற சாரதிகளின் எரிபொருள் அட்டைகள் வேலை செய்யாமல் போயின. 2023இல் யெல்லோ என்ற அமெரிக்க லொறி நிறுவனம் மூடியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள்.

வடமராட்சியான் (ஒன்ராறியோ)

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்த 90 சதவீதத்துக்குள் ஒன்றைப் பார்க்கவேண்டும். விட்டுப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் முதல் வருடத்திலேயே போகிறவர்கள். புதிதாக வந்து, இந்த வாழ்க்கை தனக்குச் சரிவராது என்று கண்டுகொண்டவர்கள் பலர். இன்னும் பலர் அனுபவம் கிடைத்தவுடன் கூடிய சம்பளத்துக்கு மாறுகிறவர்கள். புதியவர்களை எடுத்துப் பழக்கும் வேலையைப் பெரிய நிறுவனங்களே அதிகம் செய்கின்றன. சிறிய நிறுவனங்களில் பலவற்றின் காப்புறுதி இரண்டு வருட அனுபவம் இல்லாதவரை ஏற்றுக்கொள்ளாது. இந்தத் தம்பிக்கு அனுபவமே இல்லாமல் 65 சதம் தர ஒருவர் முன்வருகிறார் என்றால், அவருடைய காப்புறுதி என்ன சொல்கிறது என்று கேட்கவேண்டும்.

பயிற்சியைப் பற்றி இன்னொன்று. ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து ஏ-இசட் எடுக்கக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அது அனுமதிப்பத்திரம் எடுக்கப் போதும். ஜனவரி மாதத்தில் வட ஒன்ராறியோவின் தண்டர் பேக்கும் கெனோராவுக்கும் இடையில் இருவழிப் பாதையில், எதிரே ஒரு லொறி பனியை வாரியடித்துக்கொண்டு வரும்போது அது போதாது. 2018 ஏப்ரலில் சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு லொறியும் மோதி 16 பேர் இறந்தார்கள். லொறியை ஓட்டியவர் வேலைக்குப் புதியவர், நிறுவனம் மிகச் சிறியது. அதற்குப் பிறகுதான் மற்ற மாகாணங்களும் கட்டாயப் பயிற்சியைக் கொண்டுவந்தன. புதியவரைப் பயிற்றுநர் பக்கத்தில் இருத்தி வாரக்கணக்கில் ஓடவைக்கும் நிறுவனம் மைலுக்குப் பத்துச் சதம் குறைவாகத் தந்தாலும் நான் அங்கேதான் என் தம்பியை அனுப்புவேன். இதில் எனக்கு வேறு பேச்சு இல்லை.

முன்னாள் டிஸ்பாட்சர்

நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள். மிசிசாகாவில் ஒரு பெரிய நிறுவனத்தில் சாரதிகளுக்குச் சரக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். ஸ்காபரோ அண்ணா சொன்னதுபோல ஒருவருக்குக் கீழே பலர் இருப்பது உண்மை. ஆனால் சாரதிகளைப் பார்க்காமலே நாங்கள் ஒவ்வொருவரையும் அறிந்திருந்தோம். சரியான நேரத்துக்குப் போகிறவர், தாமதமானால் முன்கூட்டியே சொல்கிறவர், இவர்களுக்கு நல்ல சரக்கு தானாகப் போகும். புதியவர் வந்தவுடன் நல்ல ஓட்டம் கிடைக்காது. பழைய லொறி, இரவில் ஏற்றும் சரக்கு, மொன்றியல் நகர நெரிசல், இவைதான் வரும். முதல் ஆறு மாதம் அப்படித்தான் என்று உங்கள் தம்பி மனதைத் தயார் செய்துகொண்டு போகவேண்டும்.

சில விடயங்களில் வளைந்து கொடுக்கவும் கூடாது. நேரம் முடிந்தபிறகும் ஓட்டு என்று யாராவது சொன்னால் ஓட்டவேண்டாம். செய்தியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடன் அந்தப் பேச்சு அடங்கிவிடுவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். விதியை மீறும்படி சாரதியை வற்புறுத்துவதை அமெரிக்கா 2016இலேயே தனிச் சட்டவிதியால் தடைசெய்துவிட்டது.

கண்காணிப்பு கடுமையாக இருக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்ராறியோவில் 105 கிலோமீற்றருக்குமேல் விடாது. பல பெரிய நிறுவனங்கள் அதற்கும் கீழே வைத்திருக்கின்றன. சில லொறிகளில் சாரதியின் முகத்தைப் பார்க்கும் கமரா இருக்கும். அதைப் பலர் வெறுக்கிறார்கள், எனக்கும் அது பிடிக்காது. லொறிக்குள்ளேயே உறங்கும் இடத்தில் ஒரு மனிதனைக் கமரா பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. படுக்கையில் இருக்கும்போது அது நிறுத்தப்படுகிறதா என்று முதல் நாளே கேட்டு உறுதிசெய்யவேண்டும். வீதியைப் பார்க்கும் கமரா வேறு. விபத்தில் சாரதி குற்றமற்றவர் என்று காட்டிய படங்கள் பல உண்டு.

லொறியை வாடகைக்கு எடுத்துக் கடைசியில் சொந்தமாக்கலாம் என்று ஒரு திட்டத்தையும் முன்வைப்பார்கள். முதல் வருடத்தில் அந்தப் பக்கமே பார்க்கவேண்டாம். சரக்கைத் தருவதும் அவர்கள், வாராந்தக் கட்டணத்தைக் கழிப்பதும் அவர்கள். சரக்குக் குறைந்த வாரத்திலும் கட்டணம் கழிபடும். அமெரிக்க அரசு இதை ஆராய அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில் இத்தகைய திட்டங்களைத் தடைசெய்யவேண்டும் என்றே பரிந்துரைத்தது.

கோப்பாய்ப் பெண்

மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓமந்தை பற்றி ஐயா எழுதியதைக் கேட்டதும் பேசத் தொடங்கிவிட்டார். "காத்திருக்கும் காசைக் கேட்கச் சொல்" என்றார்.

சொந்தக் கம்பனி பதிவதைப் பற்றி இன்னும் விளக்கமாக யாராவது சொல்வீர்களா? அம்மாவுக்கு அந்தப் பத்துச் சதம்தான் கண்ணில் நிற்கிறது.

முன்னாள் டிஸ்பாட்சர்

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஊழியராக இருந்தால் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குச் சாரதி 5.95 சதவீதம், நிறுவனம் 5.95 சதவீதம். தன் பெயரில் கம்பனி என்றால் இரண்டு பங்கும் அவருடைய கையிலிருந்தே போகும். பத்துச் சதத்தின் ஒரு துண்டு அங்கே போய்விட்டது.

மாகாணம் தாண்டி ஓடும் லொறி நிறுவனத்தின் ஊழியருக்குக் கனடா மத்திய தொழிற்சட்டம் பொருந்தும். முதல் வருடம் முடிந்ததும் இரண்டு வாரச் சம்பள விடுமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு மூன்று வாரம். 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்குப் பத்து நாள்வரை சம்பளத்துடன் சுகவீன விடுமுறை. நெடுந்தூரச் சாரதிக்கு வாரத்தில் 60 மணித்தியாலத்துக்குமேல் மேலதிக நேரச் சம்பளம். வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் பத்து நாள்வரை விடுப்பு, மூன்று மாதம் வேலை செய்திருந்தால் அதில் மூன்று நாளுக்குச் சம்பளம். வேலை போனால் வேலையின்மைக் காப்புறுதி. தன் கம்பனியின் பெயரில் ஓடுபவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. கையில் அடிபட்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தால், வீட்டில் இருந்ததுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. லொறி நிறுவனத்துடையது, சரக்கு நிறுவனத்துடையது, எப்போது எங்கே போகவேண்டும் என்பதும் நிறுவனம் சொல்வது. அப்படியிருக்க அவர் எப்படித் தனித் தொழில் நடத்துபவர் ஆவார்? ஊழியரை ஊழியர் அல்லாதவர்போலக் காட்டுவதை மத்திய சட்டம் 2021இலிருந்து வெளிப்படையாகத் தடைசெய்கிறது. நம் சமூகத்தில் இது மலிந்துவிட்டது என்பதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள்.

ஸ்காபரோ சிறுதொழில்

இதில் நான் உங்களுடன் ஒத்துப்போகிறேன். என் முதலாளி என்னை ஊழியராகத்தான் வைத்திருக்கிறார். சம்பளச் சீட்டில் எல்லாக் கழிவும் இருக்கிறது. சிறிய நிறுவனம் எல்லாமே அப்படி என்று எழுதிவிடவேண்டாம் என்பதற்காகத்தான் குரல் கொடுத்தேன். ஊழியராக எடுக்க மறுப்பவர் பெரியவரோ சிறியவரோ, நம்மவரோ வேற்றவரோ, அவரிடம் போகக்கூடாது.

அல்வாய் மகள்

என் கணவர் நெடுந்தூரம் ஓடுகிறார். சதக் கணக்கை எல்லோரும் எழுதிவிட்டீர்கள், வீட்டுக் கணக்கை நான் எழுதுகிறேன்.

ஒரு வாரம் வெளியே இருந்தால் ஒரு நாள் வீடு என்பதுதான் பல பெரிய நிறுவனங்களின் கணக்கு. இரண்டு வாரம் ஓடிவிட்டு வந்தால் இரண்டு நாள். அதில் ஒரு நாள் தூங்கியே போகும். பிள்ளையின் பாடசாலை நிகழ்ச்சிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு வின்னிபெக்கில் பனிப்புயலில் வீதி மூடி நின்றிருக்கிறார். அது அவர் தவறுமில்லை, நிறுவனத்தின் தவறுமில்லை. ஆனால் பிள்ளைக்கு அது விளங்காது. திருமணத்துக்குப் பெண் பார்க்கிறீர்கள் என்றால் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அவருக்கு நான் சமைத்து உறையவைத்துக் கொடுத்துவிடுகிறேன். லொறியில் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் சோறு வேகவைக்கும் பானையும் இருக்கின்றன. எந்திரத்தை அணைத்த பிறகும் அவற்றுக்கு மின்சாரம் கிடைக்கிறதா, படுக்கைக்குத் தனி வெப்பமூட்டி இருக்கிறதா என்று உங்கள் தம்பி கேட்கவேண்டும். வழியில் எண்ணெய்ச் சாப்பாடும் குளிர்பானமும் தான் என்று இரண்டு வருடம் போனால் நம் குடும்பங்களில் நீரிழிவு தேடி வந்துவிடும். பெரிய நிறுவனத்தில் பல்லுக்கும் கண்ணுக்கும் மருந்துக்கும் காப்புறுதி கிடைக்கிறது, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு. குடும்பத்தையும் சேர்க்கலாம். எங்களுக்கு அது பேருதவியாக இருந்தது.

நல்லூர் இளைஞன்

நான் யாழ்ப்பாணத்தில் கனரக வாகன அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒருவர், கனடாவின் பெரிய லொறி நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாகவும் அனுமதிக் கடிதத்துக்குப் பெருந்தொகை கட்டவேண்டும் என்றும் சொல்கிறார். இது சரியா?

வடமராட்சியான் (ஒன்ராறியோ)

தம்பி, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்க கனடா முதலாளி பெறும் அந்த அனுமதிக்கான 1,000 டொலர் கட்டணத்தை முதலாளியே கட்டவேண்டும். அதைத் தொழிலாளியிடம் அறவிடுவது சட்டத்துக்கு மாறானது. பெரிய நிறுவனம் எதுவும் கொழும்புத் தரகர் மூலம் காசு வாங்கி ஆள் எடுக்காது. முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். காணி ஈடுவைத்துக் கொடுத்துவிட்டு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். இலங்கை அனுமதிப்பத்திரத்தை வைத்து நேராக அங்கே டிரெய்லர் ஓட்டவும் முடியாது. மாகாணத்தின் பயிற்சியும் தேர்வும் இருந்தே தீரும்.

தென்மராட்சி லொறிக்காரர்

தம்பி, வடமராட்சியார் சொல்வதைக் கேளுங்கள். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுகிற பயணத்துக்கே நூறு தடவை சில்லைத் தட்டிப் பார்க்கிறோம். இதற்குப் பார்க்காமல் விடலாமா?

கோப்பாய்ப் பெண்

தம்பியுடன் பேசினேன். பெரிய நிறுவனத்திடம் கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தான், பதில் வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு காத்திருப்புக் காசு உண்டு, வாடிக்கையாளர் கொடுக்காவிட்டாலும் சாரதிக்கு உண்டு. மைல் கணக்குக் கணினித் தூரத்துக்கே. உள்ளே பார்க்கும் கமரா இல்லை. அவனுடன் பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னாராம். அம்மாவும் ஓய்வூதியக் கணக்கைக் கேட்டபிறகு சம்மதித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. அவர்களுடைய ஓட்டம் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. தம்பியிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அது தடையாகுமா?

வடமராட்சியான் (ஒன்ராறியோ)

இதைக் கேட்டது நல்லது. கனடாவின் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் போதாது. இலங்கைக் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா வேண்டும். விசா இருந்தால் கனடாவிலிருந்து சரக்கைக் கொண்டுபோய் இறக்கலாம், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு கனடாவுக்கு வரலாம். ஆனால் அமெரிக்காவின் ஓர் ஊரிலிருந்து அங்கேயே இன்னோர் ஊருக்குச் சரக்கு ஓட்டமுடியாது. 2025 ஆகஸ்டில் லொறிச் சாரதிகளுக்கான தொழில் விசாக்களை நிறுத்திவைப்பதாக அமெரிக்கா அறிவித்ததையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓட்டத்துக்குப் போதைப்பொருள் பரிசோதனையும் கட்டாயம். கஞ்சா கனடாவில் 2018இலிருந்து சட்டபூர்வமானாலும் இந்தத் தொழிலில் அதைத் தொட்டால் வேலை போய்விடும்.

ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: விசா கிடைக்கும்வரை கனடாவுக்குள் மட்டும் ஓட்டம் தருவார்களா, அப்போது வாரத்துக்கு எத்தனை மைல் வரும்? கனடாவுக்குள் ஓடும் பிரிவு பல பெரிய நிறுவனங்களில் தனியாகவே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக் ஒரு வழிக்கே ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் வரும். முதல் குளிர்காலத்தில் அந்தப் பாதையில் பயிற்றுநர் பக்கத்தில் இருப்பாரா என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேட்கட்டும்.